ஒரே பிரச்சினை, ரெண்டு நம்பர்

அம்பத்தூர் எஸ்டேட்ல நைட் ஷிஃப்ட் பார்க்கிற 22 வயசுப் பையன் ஒருத்தன்னு வெச்சுக்குவோம். தூக்கம் இல்ல, மனசு படபடன்னு இருக்கு. அதை அடக்கத் தினமும் குடிக்கிறான். மறுநாள் படபடப்பு இன்னும் கூடுது. இவன் யார்கிட்ட போகணும்?

மனநலத்துக்கு 14416, டெலி மானஸ். மத்திய சுகாதார அமைச்சகம் 2022 அக்டோபர்ல தொடங்கினது. போதைப் பழக்கத்துக்கு 14446. அது சமூக நீதி அமைச்சகத்தோடது. ஐ.டி. பாஷைல சொன்னா ஒரே பக், ரெண்டு டீம், ரெண்டு டிக்கெட்.

"முதல்ல குடியை நிறுத்திட்டு வா"ன்னு சொல்றதும் ஆபத்து. தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். டாக்டர் துணை வேணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே மது, போதையால வர்ற மனநிலைப் பாதிப்பையும் மனநோய்னுதான் சொல்லுது.

அடுத்தது தூரம். ஆவடியிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய் வந்தா ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆனா சிகிச்சையே ஊரைத் தேடிப் போகலாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல சென்னையில தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை, 1989-ல டெல்டா பக்கம் மஞ்சக்குடி கிராமத்துலயே முகாம் போட்டுச்சு.

பூந்தமல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் சாயங்காலம் ஒரே அறையில ரெண்டுக்கும் ஆலோசனை கிடைக்கணும். நாம கேட்க வேண்டியது அதைத்தான்.

அதுவரைக்கும், எந்த நம்பர்னு குழம்பி நிக்காதீங்க. 14416 அடிங்க. குடிக்கிறதையும் மறைக்காம சேர்த்துச் சொல்லுங்க.