தயக்கமும் அடக்கமும்: ஓர் ஆங்கிலக் கூட்டுவினையின் தமிழாக்கம்

பாலோ வட்டாரத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த தந்தையொருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் மகளின் பள்ளி அறிக்கையை என்னிடம் காட்டினார். ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை எவரோ தமிழாக்கித் தந்திருந்தனர்: 'வகுப்பில் பின்வாங்குகிறாள்.' மகள் படிப்பைக் கைவிட எண்ணுகிறாள் போலும் என்று அவர் கலங்கியிருந்தார். மூலத்தில் இருந்ததோ 'ஹோல்ட் பேக்' என்னும் கூட்டுவினை. விடை தெரிந்தும் வாய்திறக்க மாட்டேனென்கிறாள் என்பதே ஆசிரியர் கருத்து.

பின்வாங்குதல் என்பது முன்வைத்த காலை மீட்டுக்கொள்ளுதல். வாக்களித்தவர் பின்வாங்கலாம், படையும் பின்வாங்கலாம். காலை முன்வைக்காமலே நிற்பவரைத் தமிழ் 'தயங்குகிறார்' என்றே சொல்லும். 'பேக்' என்பதைப் 'பின்' என்று பெயர்த்ததால் நேர்ந்த பிழை இது.

இவ்வினைக்கு ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது வீண். எது நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே சொல் அமையும். அணை நீரைத் தடுத்து நிறுத்துகிறது. ஒருவர் செய்தியைச் சொல்லாமல் மறைக்கிறார். வறுமை முன்னேறவிடாமல் தடுக்கிறது. தாய் கண்ணீரை அடக்கிக்கொள்கிறாள். அமெரிக்க வழக்கில், மாணவரை அதே வகுப்பில் மீண்டும் ஓராண்டு இருத்துவதையும் இது குறிக்கும். பள்ளி அறிக்கைகளைப் பெயர்ப்போர் இதனை மறக்கலாகாது.

'அடக்கிக்கொள்' என்பதிலுள்ள துணைவினையைச் சற்று நோக்குவோம். 'கலகத்தை அடக்கினான்' என்றால் அடங்கியவர் பிறர். 'சினத்தை அடக்கிக்கொண்டான்' என்றால் அடக்கியவனும் அடங்கியவனும் ஒருவனே. 'கொள்' என்பது செயலைச் செய்தவனிடமே திருப்பிவிடுகிறது. மலாயில் 'மெனாஹான் டிரி' என்பர். அங்கே 'டிரி' என்னும் தனிச்சொல் 'தன்னை' என்ற பொருளைத் தருகிறது. அதே 'தாஹான்' என்னும் அடியிலிருந்து பிறந்ததே காவல்துறைச் செய்திகளில் வரும் 'டிதாஹான்'. அதனை நம் நாளிதழ்கள் 'தடுத்து வைக்கப்பட்டார்' என்று எழுதுவது பொருத்தமே.

தயங்கு, தயக்கம் என்பது போலவே அடங்கு, அடக்கம். திருக்குறளின் 13ஆம் அதிகாரமான அடக்கமுடைமை, ஒருவர் தாமே அடங்கி ஒழுகுவதைப் பேசுகிறது. பிறரை அடக்குவதற்கு நாம் 'அடக்குமுறை' என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். 'அடக்கமான பெண்' என்று புகழ்வோர் சிலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வேறு கதை.

அத்தந்தையின் தாளில் 'பின்வாங்குகிறாள்' என்பதை அடித்துவிட்டு, 'விடை தெரிந்தும் சொல்லத் தயங்குகிறாள்' என்று எழுதிக் கொடுத்தேன். இருமுறை படித்துவிட்டு, "வீட்டிலும் அப்படித்தான் ஐயா" என்றார்.