முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை!

ஒரே நாளில் சைக்கிளில் 200 கிலோ மீட்டர் போக முடியுமா?

முடியும்! கோவையில் பலர் போகிறார்கள். அவர்கள் பந்தய வீரர்கள் அல்ல. வாரம் முழுவதும் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள்தான்.

200 கிலோ மீட்டர் என்றால் எவ்வளவு தூரம்? கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகப் பழனிக்குப் போய், அதே வழியில் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

இத்தகைய சவாரிக்கு "பிரெவே" என்று பெயர். பிரெஞ்சுச் சொல். பிரான்ஸ் நாட்டுச் சங்கம் ஒன்று வகுத்த விதிகளின்படி உலகின் பல நாடுகளில் இது நடக்கிறது.

போட்டி இல்லை!

இதில் முதல் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

200 கிலோ மீட்டருக்கு 13½ மணி நேரம். 300-க்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்குச் சுமார் 15 கிலோ மீட்டர் வருகிறது. சாப்பிடும் நேரமும் பஞ்சர் ஒட்டும் நேரமும் இதற்குள் அடக்கம்.

நேரத்துக்குள் வந்த அனைவருக்கும் ஒரே மதிப்பு. கெடு தாண்டினால் பயணம் கணக்கில் சேராது.

பின்னால் கார் வைத்துக்கொண்டு போகக் கூடாது. வழியில் உள்ள சோதனை நிலையங்களில் மட்டுமே வெளியார் உதவலாம். ஆனால், கூடச் சவாரி செய்கிறவர் எங்கும் கை கொடுக்கலாம்.

காற்றோடு மல்லுக்கட்டு!

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று அதன் வழியே சீறி வருகிறது. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது இதனால்தான்.

அந்த நாட்களில் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். "இவ்வளவு சுலபமா!" என்று தோன்றும். திரும்பும்போது தெரியும் சங்கதி! நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல் இருக்கும்.

அப்போது ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டுவார்கள். முன்னே போகிறவர் காற்றைத் தாங்குவார். பின்னே வருகிறவருக்கு உழைப்பு மிகவும் குறையும். சற்று நேரம் கழித்து முன்னவர் பின்னுக்கு வருவார். அடுத்தவர் முன்னே போவார். அந்தக் காலத்தில் ஏற்றம் இறைத்தவர்கள் ஆள் மாற்றிக்கொண்டது போலத்தான்!

நண்பர் பின்தங்கினால்?

வரிசையில் ஒருவர் களைத்துப் பின்தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விட்டுப் போனால் அவர் தனியாகக் காற்றில் சிக்குவார். காத்திருந்தால் எல்லாருக்கும் நேரம் கடந்துவிடலாம். என்ன செய்வது?

இதற்கு விதிப் புத்தகம் பதில் சொல்லாது. பழகியவர்கள் காலையிலேயே வழி தேடுகிறார்கள். டீக்கடையில் அரட்டை அடிப்பதில்லை. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கிறார்கள். காலையில் சேர்த்த அரை மணி நேரம் மாலையில் ஒரு நண்பருக்குச் செலவாகிறது.

முதல் பரிசு இருந்தால் யார் காத்திருப்பார்கள்? பரிசு இல்லாததால்தான் மெதுவாகப் போவதில் நஷ்டம் இல்லை!

இந்தச் சவாரிகளில் புகழ் பெற்றது பிரான்சில் நடக்கும் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் பயணம். சுமார் 1,200 கிலோ மீட்டர். கெடு 90 மணி நேரம். 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது 4 ஆண்டுக்கு ஒரு முறை, போட்டி இல்லாத பயணமாக நடக்கிறது. 2023-ல் நடந்தபோது இந்தியர்களும் கலந்துகொண்டார்கள்.

நீங்களும் தொடங்கலாம்

எடுத்த எடுப்பில் 200 வேண்டாம். ஞாயிறு காலையில் 20 கிலோ மீட்டர் போதும். வண்டி நெரிசல் இல்லாத ஊர்ப் பாதையும் இட்டேரியும் பழகுவதற்கு ஏற்றவை. பிரேக், டயர், விளக்கு மூன்றையும் பாருங்கள். தலைக்கவசம் போடுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பையில் இருக்கட்டும்.

கூடவே ஒரு துணையையும் அழைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் அவர் உதவுவார். அவருக்கு நீங்கள் உதவுவீர்கள்!