புவிக்காந்தத்தின் நுண்துடிப்புகள்

கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளில் மாலுமிகளின் பித்தளைத் திசைகாட்டிகளைக் காணலாம். மிளகு வாணிபம் செழித்த துறைமுகத்திற்கு அக்கருவி புதியதன்று. அதன் முள் அசைவற்று நிற்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அதனை நிறுத்தி வைக்கும் புவிக்காந்தப் புலம் இடையறாது துடித்துக்கொண்டிருக்கிறது.

கொச்சிப் பகுதியில் இப்புலத்தின் வலிமை ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா ஆகும். துடிப்புகளின் வீச்சோ பெரும்பாலும் ஒரு சில நானோடெஸ்லாவே. பதினாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். 1859-ஆம் ஆண்டின் பெருங்காந்தப் புயலின்போது, இங்கிலாந்தின் கியூ ஆய்வகப் பதிவுகளில் பால்ஃபர் ஸ்டூவர்ட் இத்தகைய அலைவுகளைக் கண்டறிந்தார். ஓர் அலைவுக்கு 0.2 வினாடி முதல் 600 வினாடி வரை ஆகும்.

சூரியனிலிருந்து ஓயாது வீசும் மின்னூட்டத் துகள்களின் காற்று, புவியின் காந்தக் கவசத்தில் மோதி அதனை அலைக்கழிக்கிறது. விசைக்கோடுகள் அப்போது மீட்டப்பட்ட வீணைத் தந்திகளைப் போல் அதிர்கின்றன. இவ்வகை அலைகள் இயலும் என்பதை 1942-இல் ஹான்னஸ் ஆல்வேன் கோட்பாட்டளவில் நிறுவினார். தென்னிந்தியாவிற்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் பாயும் மின்னோட்டம் இத்துடிப்புகளில் பலவற்றின் வீச்சை மிகுவிக்கிறது.

இது வெறும் அறிவியல் ஆர்வத்திற்குரிய செய்தி மட்டுமன்று. துடிப்புகள் நிலத்தினுள் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன. விரைவானவை மேலடுக்குகளோடு தணிந்துவிடும். மெதுவானவை ஆழத்திற்குச் செல்லும். இவற்றை அளந்து, துளையிடாமலே நிலத்தடியில் உள்ள பாறைகளின் மின்கடத்து திறன் மதிப்பிடப்படுகிறது. நிலத்தடி நீர், கனிமம், புவிவெப்பம் ஆகியவற்றைத் தேடுவோருக்கு இயற்கை இலவசமாக வழங்கும் கருவி இது.

எனினும் அக்கருவிக்குக் காந்த அமைதி தேவை. நேர்மின்னோட்டத்தில் ஓடும் ரயில்களிலிருந்து நிலத்தில் கசியும் மின்சாரம் நுண்துடிப்புகளை மறைத்துவிடும். 2017 முதல் 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மெட்ரோ ரயில் இயங்கும் கொச்சி போன்ற நகரங்கள் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் தென்பகுதி ஆய்வுக்கூடம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் அமைந்திருப்பது பொருத்தமே.

வளர்ச்சிப் பணியும் ஆய்வும் மோதும்போது என்ன செய்யலாம் என்பதற்குப் பம்பாய் நல்ல முன்மாதிரி. 1841 முதல் கொலாபாவில் காந்த அளவீடுகள் எடுக்கப்பட்டு வந்தன. டிராம் வண்டிகளை மின்மயமாக்க முடிவு செய்யப்பட்டதும், ஆய்வகத்தின் இயக்குநர் என்.ஏ.எஃப். மூஸ் கடலுக்கு அப்பால் உள்ள அலிபாகைத் தேர்ந்தெடுத்தார். காந்தத்தன்மையற்ற கல்லால் கட்டிடம் எழுப்பப்பட்டது. டிராமும் நிறுத்தப்படவில்லை, ஆய்வும் கைவிடப்படவில்லை. 1904 முதல் 1906 வரை ஈரிடங்களிலும் ஒரே காலத்தில் அளவீடுகள் எடுக்கப்பட்டமையால், நீண்ட அத்தொடர் அறுபடாது காக்கப்பட்டது.