உங்களுக்குத் தெரியுமா? படிப்பதற்கென்றே ஒரு நாடகம்!

தமிழ்த்தாய் வாழ்த்து தனிக் கவிதையாகப் பிறந்ததல்ல. 1891இல் அச்சான ‘மனோன்மணீயம்’ என்ற நாடகத்தின் பாயிரத்தில் வருவது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய கதைப்பாடல் ஒன்றைத் தழுவி இதை எழுதினார். அங்கம், களம் என்று பிரித்து, பாத்திரங்களைப் பேசவைத்ததால் இது நாடகம். ஆனால் அவர்கள் பேசுவது பெரும்பாலும் ஆசிரியப்பாவில்! அதனால் கவிதையும்கூட. மேடையைவிட வாசிப்புக்கே ஏற்றது என்பது பலர் கருத்து. படித்துப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்படி வடிவங்களைக் கலப்பதில் சிலப்பதிகாரம் மனோன்மணீயத்துக்கும் முன்னோடி. கதை சொல்லும் செய்யுள், இசைப்பாட்டு, கூத்து, நடுநடுவே உரைநடை என எல்லாம் அதில் உண்டு. ‘முத்தமிழ்க் காப்பியம்’ என்ற பெயர் சும்மா வரவில்லை.

இவற்றில் உரைநடை மட்டும் நெடுங்காலம் உரையாசிரியர்கள் கையிலேயே இருந்தது. முழுக்க உரைநடையில் அமைந்த முதல் தமிழ் நாவல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879இல்தான் வெளிவந்தது.