மென்பொருளை ஒரே செயலியிற் கட்டினால் வேகம் கூடுமா?

தெஹிவளையில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவரின் மகன், திருமணக் காணொளிகளைக் கணனியில் தொகுத்துக் கொடுத்துப் பொருளீட்டுபவர். மென்பொருளை ஒரே செயலியிற் கட்டிவிட்டால் வேகம் கூடும் என்று எவரோ சொல்லக் கேட்டு, அவ்வாறே செய்தார். மாலையில் முடியவேண்டிய வேலை நள்ளிரவு கடந்தும் முடியவில்லை. கணனி பழுதாயிற்று என்றெண்ணிய தந்தையார், கடன்பட்டேனும் புதியதொன்று வாங்க முற்பட்டார். ஆதலின் இவ்விடயத்தை ஈண்டு விளக்குதல் பலருக்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

முன்னாளில் வீட்டுக் கணனியில் ஒரு செயலியே இருந்தது. 2005ஆம் ஆண்டில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் ஒரே சில்லினுள் இரு கருக்களை அமைத்து வீட்டுக் கணனிகளுக்கு வழங்கின. ஒவ்வொரு கருவும் தனிச் செயலியாகவே தொழிற்படும். எவ்வேலையை எக்கருவிடம் ஒப்படைப்பது என்பதைப் பணிசெயல் முறைமை தீர்மானிக்கின்றது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நாம் குறுக்கிட்டு, ஒரு மென்பொருளை ஒரு கருவிலேயே கட்டிவைத்தலும் கூடும்.

இதனால் நன்மை உண்டோ எனின், சிலவிடத்து உண்டு. அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வேண்டிய பேரேடுகள் அவர் மேசைமேல் விரிந்து கிடக்கின்றன. அவரது வேலையை வேறொரு மேசைக்கு மாற்றினால், ஏடுகளை மீண்டும் அறையிலிருந்து எடுத்துவரல் வேண்டும். கருவின் அருகிலுள்ள பதுக்கு நினைவகமே அம்மேசை. பிரதான நினைவகமே அவ்வறை. மேசையிலுள்ளதைச் சில துடிப்புகளில் எடுக்கலாம். அறையிலுள்ளதற்கு ஏறத்தாழ 200 துடிப்புகள் செல்லும். ஒரே கருவில் நிலைத்திருக்கும் வேலைக்கு இவ்வலைச்சல் இல்லை. ஆயின் இன்றைய பணிசெயல் முறைமைகள் இதனை அறிந்து, இயன்றவரை வேலையைப் பழைய கருவிலேயே வைத்திருக்கின்றன.

தீமையோ வெளிப்படையானது. காணொளித் தொகுப்பு, நால்வர் பங்கிட்டுச் செய்யத்தக்க வேலை. அதனை ஒருவர் தலையிற் சுமத்தினால் ஏனைய மூவரும் கைகட்டி நிற்பர். அன்றியும், கட்டுதல் வேறு, ஒதுக்குதல் வேறு. நம் மென்பொருளை ஒரு கருவிற் கட்டினாலும், பிற மென்பொருள்கள் அக்கருவுக்கு வருவதை அது தடுப்பதில்லை. 2021இல் வெளிவந்த இன்டெலின் 12ஆம் தலைமுறைச் சில்லுகள் பலவற்றில் வலிய கருக்களும் எளிய கருக்களும் கலந்துள்ளன. அறியாது எளியதிற் கட்டினால் நட்டம் இன்னும் பெரிது.

கட்டுதல் பயன்தரும் இடம் யாது? நுண்ணொடியும் எண்ணப்படும் பங்குச்சந்தை போன்ற இடங்களே. இத்துறையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கொழும்பை அடுத்த மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐ.டி. நிறுவனத்தை இலண்டன் பங்குச்சந்தை 2009இல் வாங்கியது. அந்நிறுவனம் ஆக்கிய மென்பொருளில் 2011 பெப்ரவரியில் அச்சந்தையின் முதன்மை வணிகம் நடைபெறலாயிற்று. இவ்வகை வேகப் பணிகளில், முக்கிய வேலையை ஒரு கருவிற் கட்டுவதோடு, பிற வேலைகளை அக்கருவினின்று அகற்றிவிடுதலும் வழக்கம். வீட்டுக் கணனியில் இரண்டாவதைச் செய்வார் அரியர்.

எனவே நாம் கூறுவது இதுவே: கட்டாது ஒருமுறை, கட்டி ஒருமுறை, அதே வேலையைச் செய்வித்து, கடிகாரத்தைப் பாருங்கள். அவ்விளைஞர் அவ்வாறே பார்த்துக் கட்டை அவிழ்த்தார்; வேலை முன்போல் மாலையிலேயே முடிந்தது. தந்தையார் கடன் படவில்லை. செவிவழிச் சொல்லை நம்புமுன் அளந்தறிக என்று ஆய்வுகூடத்தில் நம் ஆசிரியர்கள் கற்பித்த பாடம் இன்றும் பழமையாகவில்லை.