'இணைப்பு மொழி': ஓர் அடைமொழியின் பொருளும் பிரயோகமும்

இலங்கை அரசியல் யாப்பின் 18ஆம் உறுப்புரை, 1987ஆம் ஆண்டு நவம்பரில் பதின்மூன்றாம் திருத்தத்தால் விரிவுபெற்றது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக இருந்த இடத்தில் தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலத்துக்கு 'லிங்க்' என்னும் அடைமொழி வழங்கப்பட்டது. அதனையே தமிழில் 'இணைப்பு மொழி' என்கிறோம். இவ்வடைமொழி யாரை யாரோடு இணைக்கிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

ஆங்கிலத்தில் 'லிங்க்' என்பது சங்கிலியின் ஒரு வளையத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல். அது வேறொரு பெயரின் முன் நின்று அடையாகிறது. 'லிங்கிங்' என்பதோ வினையடியாகப் பிறந்து, நிகழும் செயலைச் சுட்டுவது. முன்னது ஒன்றுக்கு வகுத்துக் கொடுக்கப்பட்ட இடத்தைக் கூறும்; பின்னது அது ஆற்றும் தொழிலைக் கூறும். யாப்பு கையாண்டது முன்னதையே. தமிழ்த் தொடரும் இருவகையாக விரியும். 'இணைப்புக்கு உரிய மொழி' எனின் நோக்கம் புலப்படும். 'இணைப்பைச் செய்யும் மொழி' எனின் செயல் புலப்படும். தொகைநிலையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுவதால், நோக்கத்தையே நிறைவேறிய செயலாகக் கொள்ளும் மயக்கம் பிறக்கிறது.

தமிழ்நாட்டில் பெருவழக்கான பதம் 'தொடர்பு மொழி'. தொடர்பு கொள்வோர் தனித்தனியே நிற்கலாம். இணைப்போ ஒன்றுசேர்தலை வேண்டி நிற்பது. இந்திய அரசியலமைப்பு ஆங்கிலத்துக்கு இத்தகைய பெயர் எதனையும் சூட்டவில்லை. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் இந்தியுடன் ஆங்கிலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற அளவிலேயே நின்றது. நமது யாப்பு கூறுவது அதனினும் பெரிய வாக்குறுதி.

இவ்வாக்குறுதி ஏன் தேவைப்பட்டது? 1944இல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜெயவர்த்தனா கொணர்ந்த பிரேரணை, வி. நல்லையாவின் திருத்தத்துடன், சிங்களத்தையும் தமிழையும் அரசகரும மொழிகளாக்கும் தீர்மானமாயிற்று. 1956ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் புறந்தள்ளிச் சிங்களத்தை மட்டும் அரியணையேற்றியது. அன்று இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர். ஆயினும் கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டின் யாப்பு அதே நிலையை உறுதிப்படுத்தியது. மார்க்சியர்களாகிய நாம் இதனை மறைத்தல் தகாது. இரு மக்களின் மொழிகளுக்கிடையே அரசு வெட்டிய பள்ளத்தின் மேலேயே பின்னர் 'இணைப்பு' என்னும் பலகை போடப்பட்டது.

அப்பலகையில் நடப்போர் யாவர்? 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்தில் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச அலுவலருடன் கருமமாற்றலாம். இது குடிமகனுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான உரிமை. இரு மக்களுக்கிடையிலான உறவன்று. தமிழறிந்த அலுவலர் இல்லாதபோது, வெள்ளவத்தையில் ஆங்கிலம் கற்ற குடும்பத்தவர் ஆங்கிலத்தில் தம் காரியத்தை முடித்துக்கொள்வர். கொட்டாஞ்சேனையில் ஆங்கிலம் அறியாத தொழிலாளிக்கு அவ்வழியில்லை. சட்டத்தின் 'அல்லது' என்னும் சொல் இருவருக்கும் பொது. அதன் பயன் வர்க்கத்தைப் பொறுத்தது. எனினும் அத்தொழிலாளி துறைமுகத்திலும் சந்தையிலும் சிங்களத் தோழனுடன் பேசிப் பழகுவது ஆங்கிலத்தில் அன்று. ஒருவர் மொழியை மற்றவர் வேலையினூடே கற்றுக்கொண்ட பேச்சிலேயாம்.

ஆங்கிலக் கல்வியை நாம் மறுக்கவில்லை. உலக அறிவுக்கு அது வேண்டும். ஆனால் மேல்தட்டினரை மேல்தட்டினரோடு பிணைப்பதை மக்கள் இணைப்பு என்று கொள்ளுதல் ஆகாது. சிங்களப் பிள்ளை தமிழையும் தமிழ்ப் பிள்ளை சிங்களத்தையும் கற்பதற்கு ஆசிரியரும், இரு மொழியிலும் கருமமாற்றும் அலுவலரும் போதிய அளவில் அமையும்போதே அவ்வடைமொழி தன் பொருளைப் பெறும். அப்போது அது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய அடையாக இராது.