இருப்புப்பாதை மேம்பாலம் மூடப்படுங்கால்

இருப்புப்பாதைக்கு மேலே செல்லும் சாலைப் பாலம் ஒன்று நூறு மீட்டர் நீளமே உடையதாயினும், அது மூடப்பட்டால் விளையும் சுற்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆதலும் உண்டு. பாலம் நன்றாயிருக்கும் காலத்தில் அதனை நினைப்பார் இலர். மூடிய மறுநாள் காலையில் பால் கொண்டு செல்பவரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும், மகப்பேற்றுக்காக மருத்துவமனையை நாடும் தாயும் அதன் அருமையை ஒருங்கே உணர்வர். இத்தகைய வேலைகள் ஏன் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன என்பதையும், அக்காலத்தில் ஊராட்சிகள் கேட்டுப் பெறவேண்டியவை யாவை என்பதையும் ஈண்டு விளக்க விழைகிறோம்.

மும்பை மாநகரில் அந்தேரியின் கிழக்குப் பகுதியையும் மேற்குப் பகுதியையும் இணைப்பது கோபால கிருஷ்ண கோகலே பாலம். 1975-இல் கட்டப்பட்ட இப்பாலத்தின் நடைபாதைப் பகுதி 2018 ஜூலை 3-ஆம் நாள் காலை மழையினிடையே இடிந்து தண்டவாளங்களின்மீது விழுந்தது. உயிர்ச்சேதம் நேர்ந்தது; புறநகர் ரயில்கள் பல மணி நேரம் நின்றன. எஞ்சிய பாலமும் பாதுகாப்பற்றதெனக் கண்டு, 2022 நவம்பர் 7-ஆம் நாள் அதனை முற்றிலும் மூடினர். தண்டவாளங்களுக்கு மேலுள்ள பகுதியை இடிப்பவர் யார் என்பதே முதலில் பேச்சுக்குரியதாயிற்று. முடிவில், இடிக்கும் பொறுப்பை ரயில்வேயும் கட்டும் பொறுப்பை மாநகராட்சியும் ஏற்றன. ஒரு பாதி இலகு வாகனங்களுக்காக 2024 பிப்ரவரி 26-இல் திறக்கப்பட்டது. முழுப்பாலமும் மக்களுக்குக் கிடைத்தது 2025 மே 11-இல்தான். ஆக, இரண்டரை ஆண்டுகள்!

அவ்விரண்டரை ஆண்டும் அங்குள்ளோர் பட்ட பாடு சிறிதன்று. அருகேயிருந்த சுரங்கப்பாதையோ மழைக்காலத்தில் நீர் தேங்கி அடைபடுவது. எனவே வண்டிகள் வடக்கேயும் தெற்கேயும் உள்ள பிற பாலங்களைச் சுற்றிச் செல்ல, அப்பாலங்களிலும் நெரிசல் மிகுந்தது. பெரிய பொதுமருத்துவமனை மேற்குப் புறத்தில் இருந்தமையால் கிழக்குப் புறத்து நோயாளிகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் கவலையாயிற்று. மும்பையில் மாற்றுப் பாலங்களாவது இருந்தன. நம் கிராமங்களிலோ பல இடங்களில் ஒரு பாலமன்றி வேறு வழியே இராது.

வேலை நீள்வதற்குரிய முதற் காரணம், கீழே ரயில் ஓடிக்கொண்டிருப்பதே. மின்மயமான பாதையில், தண்டவாளத்திற்கு மேல் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் மின்சாரம் பாயும் கம்பி செல்கிறது. பழைய உத்தரங்களை இறக்கவும் புதியவற்றை ஏற்றவும் வேண்டுமாயின் மின்சாரத்தையும் ரயில்களையும் நிறுத்தியாதல் வேண்டும். இவ்வாறு வேலைக்காக ஒதுக்கும் நேரத்திற்கு 'பிளாக்' என்று பெயர். பெரும்பாலும் இரவில் சில மணி நேரமே அது கிடைக்கும். மழையாலோ கிரேன் பழுதாலோ ஓர் இரவு தவறினால், அடுத்த பிளாக் வரையில் காத்திருக்கவேண்டியதுதான். உத்தரங்களை ஏற்றுவதற்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதியும் தேவை. பகலில் ஆட்களைக் காணாமல் "வேலை நடக்கவில்லை" என்று குறைகூறுவோர் இதனையும் கருதுதல் நலம்.

இரண்டாவது காரணம், பாலம் ஒன்றாயினும் உரிமையாளர் இருவர் என்பது. தண்டவாளத்திற்கு மேலுள்ள பகுதி ரயில்வேயைச் சார்ந்தது. இருபுறத்து அணுகுசாலைகள் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையையோ உள்ளாட்சியையோ சார்ந்தவை. ஒருவர் முடித்து மற்றவர் முடிக்காவிடில் பாலம் ஆகாயத்தில் நிற்கும். கோகலே பாலத்தில் நடந்தது இன்னும் விந்தை. புதிய பாலம் பழையதைக் காட்டிலும் உயரமாக எழும்பியது. அதனோடு சேரவேண்டிய பர்ஃபிவாலா மேம்பாலமோ பழைய மட்டத்திலேயே நின்றது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வேறுபாடு! பிறகு ஜாக்கிகளைக் கொண்டு அம்மேம்பாலத்தின் ஒரு பகுதியை உயர்த்தி, 2024 ஜூலையில் இரண்டையும் இணைத்தனர். இரு தரப்பாரும் வரைபடங்களைத் தொடக்கத்திலேயே ஒன்றாக விரித்துப் பார்த்திருந்தால் இச்செலவும் தாமதமும் குறைந்திருக்கும் என்பதே நம் கருத்து.

உயரம் என்பது பொறியாளர் மட்டும் கவலைப்படவேண்டிய செய்தியன்று, நிலமுடையோரும் கவனிக்கவேண்டியது. சாலையின் ஏற்றம் 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாலம் ஒன்றரை மீட்டர் உயர்ந்தால் அணுகுசாலை ஒவ்வொரு புறமும் 45 மீட்டர் நீளும். அந்த 45 மீட்டர் யாருடைய நஞ்சையில், யாருடைய கடை வாசலில் போய் முடிகிறது என்பதை அளவுக் கல் நடுவதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பாலத்தை மூடும் தேதி அறிவிக்கப்படுமுன் ஊராட்சி செய்யக்கூடியது நிறைய உண்டு. மாற்றுப்பாதையாகக் காட்டப்படும் சாலை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துச் சாலையாகவே இருக்கும். டிராக்டரும் சிற்றுந்தும் செல்லப் போடப்பட்ட அச்சாலையில் மணல் லாரியும் கரும்பு லாரியும் இரவுபகலாக ஓடினால் மூன்று மாதத்தில் சல்லி பெயர்ந்துவிடும். ஆகவே, மாற்றுப்பாதையை முன்னதாகப் பலப்படுத்துவதும், வேலை முடிந்தபின் செப்பனிட்டுத் தருவதும் பால வேலையின் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்படவேண்டும் எனக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புக. பிறகு கேட்டால் பணம் ஏது என்பார்கள்.

மூடும் மாதத்தையும் விசாரித்தறிக. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வழி அடைபட்டால் நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லும் வண்டிக் கூலி விவசாயியின் தலையில் விழும். கரும்போ வெட்டியபின் காத்திராது. நேரம் செல்லச் செல்ல எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். எனவே வெட்டு உத்தரவுகளை மாற்றியமைக்கும்படி ஆலையாரிடம் முன்கூட்டியே பேசுவது நன்று. பால் சங்கத்தார் பாதையின் அப்புறத்தில் தற்காலிகச் சேகரிப்பு இடமொன்று ஏற்படுத்தலாம்.

பேருந்துகள் இருபுறமும் வந்து திரும்புமாறும், நடுவே நடந்து கடக்கத் தற்காலிக நடைபாலம் அமைக்குமாறும் வற்புறுத்துதல் வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. நடைபாலம் இல்லாவிடில் மக்கள் தண்டவாளத்தையே கடப்பர், சிறுவரும் கடப்பர். அது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம் என்று பலகை வைத்தால் மட்டும் நின்றுவிடாது. இன்னொன்று: பாலம் மூடியிருக்கும் காலம் முழுதும் 108 ஆம்புலன்ஸ் ஒன்று, மருத்துவமனை இல்லாத புறத்தில் நிறுத்தப்படவேண்டும்.

கோகலே பாலத்தைப் போல் ஒரு பாதியை முதலில் திறப்பதாக இருப்பின், எந்த வண்டிகளுக்கு அனுமதி என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. இலகு வாகனங்கள் மட்டுமே என்றால் நெல் அறுவடை இயந்திரமும் வைக்கோல் லாரியும் அதில் செல்லா. அவற்றிற்காகவேனும் மாற்றுப்பாதையை முழுப்பாலம் திறக்கும் நாள் வரையில் பழுதின்றி வைத்திருக்கவேண்டும்.